நம்ம பிள்ளைங்களுக்கு வேலை கேக்கக் கத்துக்குடுக்குறது எப்படி? கேள்வி பதில்

மதுரைல 14 வருஷமா ஸ்பெஷல் டீச்சரா இருக்கேன். மைல்டு லெவல் அறிவுசார் குறைபாடு இருக்குற பிள்ளைங்கள வேலை தேட எப்படி தயார் பண்றதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: டீச்சர், என் பையனுக்கு 18 வயசு. யார் என்ன கேட்டாலும் என் மூஞ்சியவே பாக்குறான். இவன எப்படி இன்டர்வியூக்கு பழக்குறது?

பதில்: கோச்சுக்காதீங்கம்மா, மொதல்ல நீங்க ரூம விட்டு வெளிய வரணும். வீட்டுக்கு யார் வந்து அவன்கிட்ட என்ன கேட்டாலும் நீங்கதான பதில் சொல்லிடுறீங்க, அப்பறம் அவன் எப்படி வாயத் தொறப்பான். நாங்க இன்டர்வியூவ துண்டு துண்டா பிரிச்சுருவோம், கதவத் தட்டுறது ஒரு வாரம், 'உள்ள வரலாமா சார்'னு கேட்டுட்டு உக்காரச் சொல்ற வரைக்கும் நிக்கிறது அடுத்த வாரம், பேரு ஊரு சொல்றது அதுக்கப்பறம். ஒரு பையன் கிளாஸ்ல எல்லாம் அழகா செஞ்சான், ஆனா நெஜக் கடைல கல்லா முன்னாடி நின்னதும் பேச்சே வரல. ஒரு எடத்துல கத்துக்கிட்டது இன்னொரு எடத்துல இவங்களுக்கு தானா வராது, அங்கயும் போய் பழகணும். அதனால மெடிக்கல், பேக்கரி, ஜெராக்ஸ் கடைன்னு ஓனர்ங்ககிட்ட முன்கூட்டியே பேசி வெச்சு ஒவ்வொண்ணுலயும் கேக்க விட்டோம். நாலாவது கடைல அவனாவே சொன்னான், 'சார் நான் மெதுவாத்தான் கத்துப்பேன், ஒரு தடவ செஞ்சு காட்டுங்க'ன்னு. வாசல்ல நின்னு அழுதுட்டேன்.

கேள்வி: மேடம், எழுதவே தடுமாறுற பிள்ளைக்கு பயோடேட்டா எப்படி?

பதில்: பாக்கெட்ல வைக்கிற சைஸ்ல ஒரு அட்டை போதும். பேரு, பிறந்த தேதி, விலாசம், போன் நம்பர், ஃபார்ம் குடுத்தா அதப் பாத்து எழுதட்டும். கூடவே வேலை செய்ற மாதிரி ரெண்டு மூணு போட்டோ, பொட்டலம் போடுறது, ரேக்ல அடுக்குறது.

கேள்வி: மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்ல குறைபாடு 50 சதவீதம்னு போட்டிருக்கு. கவர்மென்ட் வேலை கெடைக்குமா அக்கா?

பதில்: 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா இடஒதுக்கீட்டுக்கு கேக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கவர்மென்ட் வேலைல 4 சதவீதம் ஒதுக்கீடு, அதுல 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் மாதிரி பிரிவுங்களுக்கெல்லாம் சேத்து. ஆனா அந்த போஸ்ட் இந்தப் பிரிவுக்குன்னு அடையாளம் காட்டுனதா இருக்கணும், படிப்பும் சரியா இருக்கணும், அதனால அதையே நம்பி உக்காராதீங்க. யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அத வாங்கி வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சு வைங்க.

கேள்வி: மூணு எடத்துல வேணாம்னுட்டாங்க, பொண்ணு இனி போகவே மாட்டேங்குறா.

பதில்: வேணாம்னு சொன்னா என்ன பண்றதுன்னு அவளுக்கு யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க, எல்லாரும் வேலை கெடைக்கிற மாதிரியே நடிச்சுக் காட்டுறோம். வீட்ல நீங்க ஓனரா உக்காந்து 'இப்ப ஆள் வேணாம்மா'ன்னு சொல்லுங்க, அவ 'சரி சார், தேவைப்பட்டா போன் பண்ணுங்க'ன்னு நம்பர் எழுதுன சீட்டக் குடுத்துட்டு வரட்டும். பத்து தடவ, இருபது தடவ. நாலாவது எடத்துக்கு அதுக்கப்பறம் கூட்டிட்டுப் போங்க, மொதல் நாள் நீங்க ரோட்டுக்கு எதுத்தாப்ல நில்லுங்க, உள்ள போகாதீங்க.