இலை நுனியில் சுருள் கம்பி: சிறுமலைக் கொடி புதுச் சிற்றினமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் வாடிப்பட்டிப் பக்கம் பள்ளி ஆசிரியை. சிறுமலையில் என் பெரியப்பாவுக்கு எலுமிச்சையும் வாழையும் போட்ட கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. கார்த்திகை கடைசியில் அங்கே போயிருந்தபோது வேலியில் ஒரு கொடி பூத்திருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த சின்னப் பூ, நாலு இதழ், நடுவில் நார் நாராக நிறைய. இலை நுனியில் பட்டாணிக் கொடிக்கு இருப்பது மாதிரி சுருள் கம்பி. செல்போன் செயலி ஒரு தடவை பட்டாணிக் குடும்பம் என்றது, மறு தடவை கிளிமேட்டிஸ் என்றது. கிளிமேட்டிஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது என்று படித்தேன். அப்படியென்றால் இது யாரும் பதிவு செய்யாத செடியா? புதுசு என்றால் எப்படி நிரூபிப்பது? என் அம்மாச்சி பெயரை வைக்கலாமா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் ஆசையில் மண் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள், அம்மா. படங்களைப் பார்த்த வரையில் இது பெரும்பாலும் நரவேலியா சைலானிகா. லின்னேயஸ் 1753லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். அவர் அட்ராஜீன் என்ற பேரினத்தில் வைத்தார், பிற்பாடு நரவேலியா என்று தனிப் பேரினமாக்கினார்கள். சிங்களத்தில் இதை நரவெல் என்பார்கள், வெல் என்றால் கொடி. அந்தப் பெயரைத்தான் லத்தீன் வாலோடு எடுத்துக்கொண்டார்கள். இப்போது மரபணு ஆய்வுகளை வைத்து, இது கிளிமேட்டிஸுக்குள்ளேயே அடங்கும் என்று பலர் மறுபடி அங்கே சேர்த்துவிட்டார்கள். ஆகவே உங்கள் செயலி இரண்டாவது தடவை சொன்னதும் ஒரு வகையில் சரிதான்.

"பெரும்பாலும்" என்று நான் இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செயலி பட்டாணி என்று ஏமாந்தது சுருள் கம்பியைப் பார்த்து. பட்டாணிப் பூவைப் பிரித்தால் 10 மகரந்தத்தாள், ஒரே ஒரு சூலகம். உங்கள் இரண்டாவது படத்தில் மகரந்தத்தாள்கள் எண்ண முடியாத அளவு இருக்கின்றன. நடுவில் சூலிலைகளும் பல, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. இந்த இரண்டும் ஒரே பூவில் இருந்து, மரமல்லாத செடியாகவோ கொடியாகவோ இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரனன்குலேசி, அதாவது பட்டர்கப் குடும்பம். நமக்கு அந்நியமான குடும்பம் என்று நினைக்க வேண்டாம். மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டதும் எடுத்துத் தரும் கருஞ்சீரகமும் அதிவிடயமும் இதே குடும்பம்தான். ஆனால் குளிர் தேசத்துக் குடும்பம். மஞ்சள் பட்டர்கப் பூவைப் பார்க்க நாம் கொடைக்கானல் வரை ஏற வேண்டும். சிறுமலை போன்ற தாழ்ந்த மலைகளுக்கு இறங்கி வந்தவை கிளிமேட்டிஸ், நரவேலியா போன்ற கொடிகள்தான்.

நீங்கள் இதழ் என்று எண்ணிய நாலும் புல்லி இதழ்கள். கிளிமேட்டிஸ் கூட்டத்தில் அல்லி இதழே கிடையாது, புல்லியே நிறம் பூசிக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கும். நரவேலியாவில் கூடுதலாக ஒரு வேடிக்கை: புல்லிக்கும் மகரந்தத்தாளுக்கும் நடுவே, நுனி தடித்த குச்சிகள் போல் மெல்லிய இதழ்கள் ஒரு சுற்று நிற்கும். நீங்கள் நார் என்று எழுதியதில் அவையும் சேர்த்தி. சுருள் கம்பிக்கு வருவோம். நீங்கள் படித்தது சரி, மற்றக் கிளிமேட்டிஸ்கள் இலைக்காம்பையே முறுக்கிப் பற்றிக்கொண்டு ஏறும். நரவேலியாவில் மூன்று சிற்றிலைகளில் இரண்டு இலையாக நிற்க, நடுச் சிற்றிலை கம்பியாக மாறிவிட்டது. அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

இனி, புதுசு என்றே வைத்துக்கொள்வோம். நிரூபிக்க என்ன வேண்டும்?

முதல் சங்கதி, படம் போதாது. எவ்வளவு தெளிவான படமானாலும் அதை வைத்து மட்டும் ஒரு பூச்செடிக்கு முறைப்படி பெயர் வைக்க முடியாது. உலர்த்திப் பாடம் செய்த ஒரு மாதிரியை மூலமாதிரி என்று குறிக்க வேண்டும் என்பது 1958 முதல் தாவரப் பெயரிடல் விதி. அது எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில், இருக்கிறது என்று கட்டுரையில் சொல்ல வேண்டும் என்பது 1990 முதல். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால், போய் எடுத்துப் பார்க்க ஒரு தாள் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்.

லத்தீன் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். 1935 தொடங்கி 2011 முடியும் வரை புதுச் செடியின் விவரணை லத்தீனில் இருந்தே ஆக வேண்டும். கட்டுரையை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, நாலு வரி லத்தீனுக்காகப் பாதிரியார்களைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்று போதும். தமிழில் எழுதினால் இன்னும் செல்லாது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் விதி அதுதான்.

விவரணையில் உயிரான பகுதி ஒரு சின்னப் பத்தி: மிக நெருங்கிய செடியிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்பது. "இலை பெரிதாக இருந்தது" என்றால் நிற்காது. நிழலில் வளர்ந்த கிளைக்கு இலை அகலும், வெயிலில் காய்ந்த கிளைக்குச் சிறுக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழகர்மலை ஓடைக்கரையில் ஒரு கொடியைப் பார்த்துப் புதுசு என்று முடிவே கட்டிவிட்டேன். பெயர்கூடத் தயார். கோயம்புத்தூரில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தால், அதே கொடி பழுப்பேறிய தாள்களில் சாவகாசமாகப் படுத்திருந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நிழல் கிளை. திரும்பி வரும் பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த விஷயத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் நிபுணரைவிட உங்களுக்கு ஒரு வசதி அதிகம். அவர் வருஷத்தில் ஒரு நாள் சிறுமலை ஏறுவார். அன்றைக்குப் பூ இருந்தால் காய் இருக்காது, காய் இருந்தால் பூ உதிர்ந்திருக்கும். இந்தக் குடும்பத்திலோ காயைப் பார்க்காமல் தீர்ப்பே சொல்ல முடியாது. கிளிமேட்டிஸ் கூட்டத்தில் சூல்தண்டு நீண்டு, இறகு போல் மயிர் முளைத்து, விதையோடு காற்றில் போகும். அந்த வால் எவ்வளவு நீளம், காயின் உடல் தட்டையா முறுக்கியதா, மயிர் எங்கெங்கே என்பதில்தான் சிற்றினங்கள் பிரியும். நீங்கள் அதே வேலிக்கு நாலு தடவை போகலாம். ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தக் கொடியில், பூத்த கிளையிலேயே, நிறத் துணியோ நூலோ கட்டிவிடுங்கள். பூ எடுத்ததும் காய் எடுத்ததும் ஒரே கொடி என்று அப்போதுதான் சத்தியம் பண்ணலாம்.

பாடம் செய்வது பெரிய வித்தை இல்லை. பூவும் மொட்டும் உள்ள ஒரு முழம் கிளை, கணுவில் இலைகள் எதிரெதிராக இருப்பது தெரியும்படி. வேரைப் பிடுங்க வேண்டாம். பழைய நாளிதழுக்கு நடுவே விரித்து, ஒரு இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். அது மலைக்காற்று, ஈரம், ஒரு நாள் சோம்பினால் பூஞ்சை பிடித்துவிடும். கீழே வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைப்பது நல்லது. ஹெர்பேரியம் தாள் ஏறத்தாழ 28க்கு 42 செ.மீ. அளவு, அதற்குள் அடங்கும்படி மடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பூவைத் தனியாக ஒரு சின்னப் புட்டியில் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைத்தால், பிற்பாடு பிரித்துப் பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார். மாணவர்களை வைத்துச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: இந்தக் குடும்பத்துச் செடிகளை நசுக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற எரிச்சல் பொருள் உண்டாகும், தோலில் கொப்புளம் எழும். காய்ந்தபின் அந்தக் காரம் போய்விடும். பச்சையாகக் கையாளும்போது கையுறை, கண்ணைக் கசக்கக் கூடாது.

காய்ந்தால் நிறம் போகும், மணம் போகும். அதனால் இவற்றை அங்கேயே நின்று நோட்டில் எழுதுங்கள்: பூவின் நிறம், வாசம், கொடி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, என்ன மரத்தில், தேதி, ஜிபிஎஸ் எண், கடல்மட்டத்திலிருந்து உயரம். "சிறுமலை" என்று மட்டும் எழுதிய தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மலை அவ்வளவு சின்னதா என்ன?

எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். பெரியப்பா பட்டா நிலத்து வேலி என்பதால் அவர் அனுமதி போதும். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால், வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு இலையும் வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். சொந்த நிலத்திலும், 20 கொடி நின்றால் 1 கொடியில் மட்டும் எடுப்பது என்ற கைக்கணக்கை மறக்காதீர்கள். மொத்தமே நாலைந்து கொடிதான் நிற்கிறது என்றால் வெட்டாமல் நிபுணரை அங்கே கூட்டிப்போவதுதான் முறை. அப்புறம், உண்மையிலேயே புதுசு என்று முடிவானால், 2002ஆம் வருஷத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி அதைத் தெரிவித்து, மாதிரியை அரசு குறித்துள்ள காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். செடிகளுக்கு அது இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை. நம் பக்கத்துக்கு அதன் தென்மண்டல மையம் கோயம்புத்தூரில், நான் சொன்ன அதே அலமாரிகள் இருக்கும் கட்டடம். அடையாளம் காண மட்டும் என்றால் திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் உங்களுக்குப் பக்கம். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்மாச்சி பெயருக்கு வருகிறேன். பெயர் வைக்கும் உரிமை, விவரணையை எழுதி வெளியிடுகிறவருக்கு. முதலில் கண்டவர் பெயரையோ அவர் விரும்பும் பெயரையோ வைப்பது மரியாதைக்காக நடப்பது, நடக்கத்தான் செய்கிறது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் சபையில் சிரிப்பார்கள். பெண் பெயர் என்றால் கடைசியில் லத்தீன் பெண்பால் விகுதி சேர வேண்டும். அம்மாச்சி பெயரை நீங்கள் எழுதவில்லை. மதுரைப் பக்கம் என்பதால் மீனாட்சி என்றே வைத்துக்கொள்கிறேன். அது "மீனாட்சியே" என்று முடியும். சன்னதியில் நின்று கூப்பிடுவது மாதிரியே இருக்கிறது, பாருங்கள். ஊர்ப் பெயர் வேண்டும் என்றால் "சிறுமலையென்சிஸ்" போல வரும்.

இப்போது அந்த "பெரும்பாலும்". நரவேலியா சைலானிகாவில் அந்தக் குச்சி இதழ்கள் புல்லியைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் மூன்றாவது படத்தில் அவை புல்லிக்கு உள்ளேயே அடங்கியிருப்பது போல் தெரிகிறது. பாதி விரிந்த பூவாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். படம் கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கிறது. ஆனால் நன்றாக விரிந்து, புல்லி பின்னோக்கி மடங்கிய பூவிலும் இப்படியே குட்டையாக இருந்தால், அதுவும் ஒரு கொடியில் மட்டுமல்லாமல் வெவ்வேறு இடத்து ஐந்தாறு கொடிகளிலும் அப்படியே இருந்தால், நானே வாடிப்பட்டி வந்து உங்களோடு மலை ஏறுகிறேன்.

பூ இன்னும் மிச்சம் இருந்தால் இந்த வாரமே ஒரு பூவை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பத்துப் பூக்களில் புல்லியின் நீளத்தையும் குச்சி இதழின் நீளத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள், எது எந்தக் கொடி என்ற குறிப்போடு. தை கடைசியில் நூல் கட்டிய கிளையில் வால் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் காய் படமும் வேண்டும், அதுவும் ஸ்கேலோடு. போன தடவை அளவுக்கு உங்கள் விரலை வைத்திருந்தீர்கள். உங்கள் விரல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதே, அம்மா.