லோஷன் போட்டும் கால் வெளுக்கிறதா? பாட்டிலை மாற்றுங்கள்

லோஷன் தடவிய ஒரு மணி நேரத்திலேயே முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உரிகிறது, முதுகிலோ பரு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே பாட்டில் சரிப்பட்டு வராதுங்க. லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான். உங்கள் காலுக்கு அது காணாது. 10% யூரியா உள்ள கெட்டியான க்ரீம் வாங்குங்கள். யூரியா ஈரத்தைப் பிடித்து வைக்கும், செதிலையும் இளக்கும். வெடிப்பு இருந்தால் எரியும். அந்த இடத்தில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும்.

குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே தடவிவிடுங்கள். எந்த க்ரீம் என்பதைவிட இதுதான் முக்கியம் என்பேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம்.

முதுகுக்கு எண்ணெய் சேராத ஜெல், அதுவும் ‘நான்-காமெடோஜெனிக்’ (தோலின் துளைகளை அடைக்காதது) என்று போட்டிருப்பது. வாசனை சேர்த்ததைத் தொடாதீர்கள் (மணம் ஆளை மயக்கும், தெரியும்!), வறண்ட தோலில் அரிப்பைக் கிளப்பலாம். சிவந்து தடித்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.