கொலோனாவின் வாயில் ஏன் அந்த வாதம்?

வணக்கம். கூலிப்படைகளை வெறுத்த இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி, 1521இல் வெளியான ‘போர்க்கலை’ என்ற உரையாடல் நூலில், குடிமக்களே படையாக வேண்டும் என்ற தன் வாதத்தை ஃபப்ரிசியோ கொலோனா என்ற தொழில்முறைத் தளபதியின் வாயில் வைத்தது முரண்பாடு இல்லையா, கட்டுரையில் இதை எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் முன்னுரையைப் படியுங்கள். படையில் சேர்ந்தவன் உடையையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டு ஊராரிடமிருந்து விலகிவிடுகிறான் என்பதுதான் அங்கே மாக்கியவெல்லியின் வருத்தம். படை இல்லாத நல்லாட்சி, கூரையில்லாத அரண்மனை மழையில் பாழாவதைப் போல அழியும் என்கிறார். அருமையான உவமை அது!

நூலுக்குள் கொலோனாவும் போர் தன் பிழைப்பு அல்ல என்கிறார். குடிகளை ஆள்வதும் காப்பதுமே தன் தொழில் என்கிறார். போரையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு அமைதி வந்தால் வருமானம் இல்லை, ஆகவே அவன் அமைதியை விரும்ப மாட்டான் என்பது அவருடைய வாதம். அனுபவசாலியே இதைச் சொல்வதால்தான் அதற்கு வலு. எனவே முரண்பாடு என்று எழுதிவிடாதீர்கள்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1506இல் ஃபுளோரன்ஸில் கூலிப்படைக்கு மாற்றாக மாக்கியவெல்லி முன்னின்று அமைத்த படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிகள். நகரத்தின் அரசியல் உரிமை அவர்களுக்கு இல்லை. 1512இல் ஃபுளோரன்ஸுக்கு அருகிலுள்ள பிராட்டோ நகரில் ஸ்பானியப் படையின் முன் அது சிதறியது. கட்டுரையின் மையத்தை இங்கே வையுங்கள்.