ஒலிம்பியாட் வடிவியல் கணக்கில் படம் வரைந்ததோடு நின்றுவிடுகிறேன், அடுத்து என்ன செய்வது?

"விடையைப் பார்த்தால் நாலே வரி, நானே போட்டால் படம் வரைந்ததோடு சரி" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பாக இருப்பீர்கள், வீட்டில் ஜேஇஇ படி என்று நச்சரிப்பார்கள், நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் திருட்டுத்தனமாக முக்கோணம் வரைந்துகொண்டிருப்பீர்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன், என் வீட்டில் சொன்னது பாலிடெக்னிக்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐஎம்ஓ, அதாவது சர்வதேசக் கணித ஒலிம்பியாட், போனவன் இல்லை. அதற்கு முந்தைய தேசியப் போட்டியான ஐஎன்எம்ஓ பக்கம்கூடப் போகவில்லை. அதற்கும் கீழே உள்ள வட்டாரப் போட்டி ஆர்எம்ஓ, அதை ஒரே ஒரு தடவை எழுதினேன், ஊற்றிக்கொண்டது. "நீயே தேறல, நீ என்னத்த சொல்லித் தர்றது" என்று யாராவது வருவீர்கள், தெரியும். தேறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "நிறைய ப்ராக்டிஸ் பண்ணுங்க" என்பார்கள். என்னிடம் இருப்பது இரண்டு சமாசாரம்தான்: ஒரு காம்பஸ் திருகு, பக்கங்கள் 13, 14, 15 என்று இருக்கிற ஒரு முக்கோணம். இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கோத்தகிரி பக்கம். அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிற வேலை. அச்சடித்துத் தேதி மாறிப்போன எடைச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதுதான் எனக்கு ரஃப் நோட்டு. பச்சை இலை விலை அடிமட்டத்தில் கிடந்த நேரம் அது, 2001. நோட்டு வாங்கித் தா என்று கேட்க வாய் வராது. ஜாமெட்ரி பாக்ஸும் அக்கா படித்து முடித்துக் கொடுத்ததுதான்.

அந்த வருஷம் நவம்பரில், யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தாளில் ஒரு கணக்கு. ஏபிசி முக்கோணம், குத்துக்கோடுகள் ஹெச் என்ற புள்ளியில் சந்திக்கின்றன. ஏ-யிலிருந்து வரும் குத்துக்கோட்டை அப்படியே நீட்டினால் சுற்றுவட்டத்தை, அதாவது மூன்று முனை வழியாகவும் போகும் வட்டத்தை, டி-யில் தொடும். ஹெச்சிலிருந்து பிசி எவ்வளவு தூரமோ, டி-யிலிருந்தும் அதே தூரம் என்று காட்ட வேண்டும். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது பால்வாடிக் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது தெரியாது. வரைந்தேன், அளந்தேன். ஒரு பக்கம் 21 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 25. மறுபடி வரைந்தால் 19, 24. கேள்வியே தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். நாலு நாள், கேள்வி தப்பு என்பதை நிரூபிக்க உட்கார்ந்தேன்! சீட்டுக் கட்டில் பாதி தீர்ந்தது.

ஐந்தாம் நாள் கணக்கு சாரிடம் போய், "சார், கேள்வி மிஸ்டேக்" என்றேன். அவருக்கும் ஒலிம்பியாட் பழக்கம் கிடையாது, அதை மறைக்கவும் மாட்டார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வட்டம் எங்கடா மூடியிருக்கு?" என்றார். அப்போதுதான் நானே பார்த்தேன். ஆரம்பித்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் அரிசி அகலத்துக்கு இடைவெளி. நான் அதைப் பென்சிலால் வளைத்துச் சேர்த்துவிட்டிருந்தேன், அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. காம்பஸை வாங்கி ஆட்டினார், ஒரு கால் தொளதொளவென்று ஆடியது. எடைச் சீட்டில் ஒரு ஓரத்தைக் கிழித்து மடித்து மூட்டுக்குள் சொருகி, 25 பைசாக் காசின் விளிம்பால் திருகை இறுக்கினார். "இப்ப போடு." போட்டேன். 23, 23.

அளவு சரியாக வந்த பிறகு நிரூபணம் தானாக வந்தது. டிபிசி கோணமும் டிஏசி கோணமும் ஒரே வில்லின் மேல் நிற்பவை, ஆகவே சமம். டிஏசி என்பது 90-இலிருந்து சி கோணத்தைக் கழித்தது. ஹெச்பிசி கோணமும் அதேதான், பி-யிலிருந்து வரும் குத்துக்கோட்டைப் பார்த்தால் தெரியும். ஆக பிசி ஒரு கண்ணாடி, ஹெச்சின் பிம்பம் டி. முடிந்தது கதை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் படத்தைப் பேனாவால் ஐந்து ரூபாய்க் காசு அளவில் வரைபவர் என்று எனக்கு ஒரு சந்தேகம். பரீட்சையில் கையால் வரைந்தால் போதாதா என்பார்கள். போதும், கை பழகியவர்களுக்கு. பழகாதவர்கள் அரைப் பக்கத்துக்குக் காம்பஸ் வைத்து வரையுங்கள், மூன்று புள்ளி ஒரே கோட்டில் வருகிற மாதிரி தெரிகிறதா, நாலு புள்ளி ஒரே வட்டத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைத்தான் முதலில் நிரூபிக்கப் பார்க்க வேண்டும். "அடுத்து என்ன செய்வது" என்று கேட்டீர்களே, என்னளவில் அடுத்தது இதுதான். வட்ட நாற்கரம் ஒன்று கிடைத்தால் கோணங்கள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர ஆரம்பிக்கும், கிடைக்காதவரை நீங்கள் எத்தனை கோடு இழுத்தாலும் படம் அழுக்காகும், அவ்வளவுதான்.

சரி, இரண்டாவது சமாசாரம். இது கொஞ்சம் வலிக்கிற விஷயம்.

டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, சென்டர் கோயம்புத்தூரில். விடிவதற்கு முன் முதல் பஸ், புல்லெல்லாம் உறைபனி. ஸ்வெட்டரோடு ஏறி, குஞ்சப்பனை தாண்டும்போது காது அடைத்து, மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். மூன்று மணி நேரப் பரீட்சை. ஒரு வடிவியல் கணக்கில் உள்வட்ட மையமும் (மூன்று பக்கத்தையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் மையம்), சுற்றுவட்டத்தில் பிசி வில்லின் நடுப்புள்ளியும் வந்தன, முழுக் கேள்வி இப்போது நினைவில் இல்லை. நான் வழக்கம்போல 13-14-15 முக்கோணம் வரைந்தேன்.

அந்த முக்கோணத்தின் மேல் எனக்கு ஒரு காதல். எல்லாம் முழு எண்ணாக வரும். 14 அடிப்பக்கம் என்றால் உயரம் 12, அது அடியை 5, 9 என்று வெட்டும். பரப்பு 84, உள்வட்ட ஆரம் 4. விடை சரிபார்க்க இதைவிட வசதியான முக்கோணம் இல்லை. ஆனால் வரைந்து பார்ப்பதற்கு இது ஒரு துரோகி. பக்கங்களைச் சென்டிமீட்டரில் போட்டால் சுற்றுவட்ட மையத்துக்கும் உள்வட்ட மையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பாதி அளவில் வரைந்தால் அரை சென்டிமீட்டர், பரீட்சைத் தாளில் பென்சில் முனை மழுங்கியிருந்தால் இரண்டும் ஒரே புள்ளி. ஏ-யின் கோணச் சமவெட்டி சுற்றுவட்ட மையம் வழியாகப் போகிறது என்று என் கண் சொன்னது, நான் நம்பினேன். அப்படியானால் அது விட்டம், விட்டத்தின் மேல் நிற்கும் கோணம் 90. அந்த 90-ஐ வைத்து இரண்டு பக்கம் அழகாக எழுதினேன். உண்மையில் அந்தக் கோணம் 97 டிகிரி. ஏழு டிகிரி! இருசமபக்க முக்கோணமாக இருந்தால்தான் 90 வரும். வெளியே வந்து பேச்சுவாக்கில் இன்னொரு பையன் "அது எப்படி டயாமீட்டர் ஆகும்" என்று கேட்டபோதுதான் உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்வெட்டரைப் போடவே மறந்துபோய் கோத்தகிரியில் நடுங்கிக்கொண்டே இறங்கினேன்.

அந்தக் கணக்குக்கு நான் பார்த்திருக்க வேண்டியது வேறு. சமவெட்டி சுற்றுவட்டத்தைத் தொடும் இடம் எம் என்று வையுங்கள், அதுதான் வில்லின் நடுப்புள்ளி. உள்வட்ட மையம் ஐ. எம்-இலிருந்து பி, சி, ஐ மூன்றும் ஒரே தூரம். ஏன்? எம்பிஐ கோணத்தில் ஏ-யில் பாதியும் பி-யில் பாதியும் இருக்கின்றன. எம்ஐபி கோணம் ஏபிஐ முக்கோணத்தின் வெளிக்கோணம், அதிலும் ஏ-யில் பாதி, பி-யில் பாதி. இரண்டு கோணம் சமம், ஆகவே இரண்டு பக்கம் சமம். இந்த ஒரு விஷயம் எத்தனை போட்டிக் கணக்குகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். "எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே" என்று ஒரு புகழ்பெற்ற போலி நிரூபணம் சுற்றுகிறதே, அதுவும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். கோணச் சமவெட்டியும் எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்கு உள்ளே சந்திப்பதாகப் படம் போட்டு ஏமாற்றுவார்கள். அவை சந்திப்பது எம்-இல், அதாவது முக்கோணத்துக்கு வெளியே, வட்டத்தின் மேல்.

ஆக வரைவதற்கு 47, 58, 75 டிகிரி மாதிரி எதற்கும் லாயக்கில்லாத முக்கோணத்தை எடுங்கள். 60 டிகிரியும் வேண்டாம். ஏ கோணம் 60 ஆனால் பி, சி-யோடு சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம், செங்கோட்டு மையம் (குத்துக்கோடுகள் சந்திக்கும் அந்த ஹெச்) ஐந்தும் ஒரே வட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கேள்வியில் இல்லாத ஒன்றை நீங்கள் "கண்டுபிடித்து" ஏமாந்துபோவீர்கள். 13-14-15 கடைசியில், விடையைச் சரிபார்க்க. ஆர்எம்ஓவுக்கு முந்தைய கட்டமான ஐஓக்யூஎம் எழுதுபவர்களுக்கு அது இன்னும் உதவும், அங்கே நிரூபணம் கேட்பதில்லை, முப்பது கேள்வி, விடை எண் மட்டும். ஆர்எம்ஓவுக்குப் போனால்தான் எழுதிக் காட்ட வேண்டும். ஆயத்தொலை போட்டு இயற்கணிதத்தால் அடித்து நொறுக்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, முடிவுவரை கொண்டுபோகத் தெம்பு இருந்தால் சரி.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு இருந்த பாதிப் பயம் கணக்கால் வந்ததில்லை, "கான்சைக்ளிக்" என்றால் என்ன என்று தெரியாததால் வந்தது. ஒரே வட்டத்தில் அமையும் புள்ளிகள், அவ்வளவுதான். நோட்டின் பின்அட்டையில் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்த்தோசென்டர் என்றால் செங்கோட்டு மையம், சென்ட்ராய்டு என்றால் நடுக்கோட்டு மையம் என்று. இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் சீவா, மெனிலாஸ் தேற்றங்களே வந்துவிட்டன, எங்கள் காலத்தில் அதெல்லாம் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.

இன்னொரு அழகான விஷயம், மேலே சொன்ன எம்-ஐ வைத்தே கிடைப்பது. சுற்றுவட்ட மையத்துக்கும் உள்வட்ட மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தின் வர்க்கம் = சுற்றுவட்ட ஆரம் × (சுற்றுவட்ட ஆரம் − உள்வட்ட ஆரத்தின் இரு மடங்கு). ஐ வழியாகப் போகும் நாண் ஏஎம்-இன் இரண்டு துண்டுகளையும் பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். ஆய்லர் 1765-இல் வெளியிட்டது என்று அவர் பெயரில் வழங்குகிறது, ஆனால் வில்லியம் சாப்பிள் என்பவர் 1746-இலேயே அச்சில் போட்டுவிட்டார். சிம்சன் கோடும் அப்படியே (சுற்றுவட்டத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்து இறக்கினால் அடிப்புள்ளிகள் மூன்றும் உட்காரும் கோடு), அதைக் கண்டுபிடித்தது சிம்சன் இல்லை, 1799-இல் வாலஸ். உழைத்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு.

இதைச் சொன்னதும் வயிறு எரிகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் போன வருஷம் ஆர்எம்ஓ வரை போனாள். மூன்று வருஷம் சனி, ஞாயிறு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்த பிள்ளை. நடுவில் கீழே ஒரு கோச்சிங் சென்டரில் இலவச வகுப்பு என்று இரண்டே இரண்டு நாள் போய்வந்தாள், இரண்டாம் நாள் பாதியில் வாந்தி, மலைப்பாதை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ரிசல்ட் வந்த அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ், அவள் போட்டோ, "எங்கள் மாணவியின் சாதனை". போட்டோ எங்கே கிடைத்தது என்று போன் போட்டுக் கேட்டால், அட்மிஷன் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே சார் என்கிறார்கள். நான் பேர் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை, டியூஷனுக்கு ஒரு பைசா வாங்கியதில்லை. ஆனாலும் மூன்று வருஷம் சார்!

அக்கா பார்த்துவிட்டு, "விடுடா, புள்ள போட்டோ பெருசா நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஃப்ளெக்ஸில் அக்கா மகளின் தலைக்குப் பின்னால் அழகுக்காக ஒரு வட்டம், உள்ளே ஒரு முக்கோணம் போட்டிருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் கிளம்புவதற்குள் அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"மாமா," என்றாள், "சி வட்டத்துல இல்ல."