மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு என்ற சரளைப் பாதைக்கு டொயோட்டா ப்ராடோவில் மட் டெரெய்ன் (சேற்றுக்கான) டயர் கட்டாயமா?

கட்டாயமில்லை. உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனி போட்டுக்கொடுத்த ஹைவே டயர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மட் டெரெய்னுக்குப் போகாதீர்கள். டெர்பியிலிருந்து குனுனுரா பக்கம் வரை ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மழை ஓய்ந்து பாதை திறந்திருக்கும் மாதங்களில் அங்கே டயரைக் கொல்வது சேறல்ல. கூரான கல்லும் சூடும்தான்.

எல்டி (லைட் டிரக்) வகை ஆல் டெரெய்ன், அதாவது எல்லாத் தரைக்குமான டயர் வாங்குங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 265/65ஆர்17 என்றால் அதே அளவிலேயே கிடைக்கும். அளவுக்கு முன்னால் 'எல்டி' என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பக்கச்சுவரில் பார்த்துவிடுங்கள். பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் வெட்டு) ஒன்றுபோல இருந்தாலும், சாதாரணக் கார் டயராகச் செய்த ஆல் டெரெய்னும் விற்பனையில் உண்டு. அதன் பக்கச்சுவர் மெலிது, கல் சீக்கிரம் கிழித்துவிடும்.

'ஹைவே டயரிலேயே போய்வந்தோமே' என்பவர்கள் இருப்பார்கள். வெறும் வண்டியில் போகலாம். நான் சொல்வது குடும்பம், தண்ணீர், கூரைக் கூடாரம் எல்லாம் ஏற்றிய வண்டிக்கு.

டயரைவிட முக்கியம் காற்று. சரளையில் 28 முதல் 32 பிஎஸ்ஐ, மணிக்கு 80 கிலோமீட்டருக்குள். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். ரொம்பக் குறைத்தாலோ பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல்லுக்கு நேராக நிற்கும். அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளே அடுக்குகள் பிரியும். அதனால் மணலுக்கான 18 பிஎஸ்ஐயை இங்கே வைக்கக் கூடாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள், ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி எடுங்கள். எல்டி டயரில் 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். முதலில் வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்டெப்னி இரண்டு வேண்டும், இரண்டும் அதே அளவில். ப்ராடோவில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். தேய்ந்த பழைய டயரை மாட்டி ஓட்டினால் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். பஞ்சர் திரி பட்டன் பகுதிக்கு மட்டும்தான், பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரை மறந்துவிடுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன்: எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள். குறைக்காமல் பறக்கிறவர்களால்தான் அடுத்தவன் முன்கண்ணாடி உடைகிறது. ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகையும் எடுத்துக்கொள்ளுங்கள், இளகிய மண்ணில் அது இல்லாமல் வண்டி எழும்பாது.