ஏழு ஆண்டு முடிய ஒரு மாதம்

அன்புள்ள சார்,

நம்ம குமரிக் கடற்கரையில் நடக்கும் கதை என்று கேள்விப்பட்டு, மார்த்தாண்டத்தில் முதல் நாளே அந்தப் படத்துக்குப் போனோம். கணவன் கடலில் காணாமல்போய் ஏழு ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அவனைக் கொச்சியில் உயிரோடு பார்த்ததாக ஒருவன் வந்து மனைவியிடம் சொல்கிறான். அதுவரை அசையாமல் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு போதைக் கும்பல், துப்பாக்கி, தொடர் கொலை என்று எங்கோ போய்விட்டது. குறை சொன்னால் ‘நம்ம ஊரைக் காட்டியிருக்கான், அது போதாதா’ என்கிறார்கள் நண்பர்கள். நான் எதிர்பார்த்ததுதான் தப்பா?

ஒரு வாசகர், கருங்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. எனக்கும் படம் பார்த்து இரண்டு நாள் ஆற்றாமை தீரவில்லை. சாதாரணப் படமாக இருந்தால் மறந்திருப்பேன்.

அந்த ஏழு ஆண்டைப் பாருங்கள். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 111-ஆம் பிரிவு. இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒருவரைப் பற்றி 7 ஆண்டு ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் இறந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் கொச்சியில் பார்த்ததாகச் சொல்பவன் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் சுமை அவன் தலையில், இப்போதே வந்ததால் அந்தப் பெண்ணின் ஏழு ஆண்டுக் கணக்கே ஆட்டம் காண்கிறது. அவனை அனுப்பியது யார்? படகு முதலாளியா, கணவனின் தம்பியா, இல்லை அவன் உண்மையைத்தான் சொல்கிறானா? இதற்கு மேல் ஒரு குற்றக்கதைக்கு என்ன வேண்டும்?

அவள் நிலைமையை யோசியுங்கள். ‘உயிரோடு இருக்கிறான்’ என்ற ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் ஏங்கியவள், இப்போது நீதிமன்றத்தில் நின்று ‘ஒரு தகவலும் இல்லை’ என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சொல் வாசலுக்கு வருகிறது. அவள் அதை மறைப்பாளா? மறைத்தால் அது குற்றமா? இயக்குநர் இந்த வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, காணாமல்போன மீனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது காணாமல்போனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காக்க வைக்காமல் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் புயலோ கூட்டமோ இல்லாத ஒரு சாதாரண ராத்திரியில், படகிலிருந்து தவறி விழுந்த ஒற்றை ஆளின் வீட்டுக்கு யார் வந்து உட்காருவார்கள்? படத்தின் முதல் அரைமணி நேரம் இதைத்தான் கேட்டது, அதனால்தான் நீங்கள் அசையாமல் இருந்தீர்கள்.

இன்னொன்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குக் கொச்சியிலிருந்துதான் புறப்படுகிறார்கள், வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறார்கள். கொச்சித் துறைமுகத்தில் எந்த நாளும் நம்ம ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அங்கே ஒருவன் ஏழு வருடம் ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணிலும் படாமல் இருக்க முடியுமா? வழக்கின் நூல்முனை அங்கேதான் இருக்கிறது. ஊரில் யார் எந்தக் குடும்பம் என்று தெரிந்த பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை, கொச்சியில் நான்கு படகு டிரைவர்களிடம் நான்கு கேள்வி. படத்தில் வரும் இன்ஸ்பெக்டர் ஒரு மீனவரிடம்கூட எதுவும் கேட்கவில்லை, நேராக கோவாவுக்கு விமானம் ஏறுகிறார்.

பேச்சு வழக்கும் அப்படித்தான். குமரிக் கடற்கரை மனிதர்கள் சென்னைக் குப்பத்துத் தமிழ் பேசுகிறார்கள்.

ஊரைக் காட்டியதே போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். முட்டத்துப் பாறையையும் கலங்கரை விளக்கத்தையும் சினிமாவில் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது, அங்கே வாழ்கிறவர்களின் கதையைத்தான் இன்னும் பார்க்க முடியவில்லை.

ஆனால் மனைவியாக நடித்தவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ரேஷன் கடையில் ‘கார்டுல உங்க வீட்டுக்காரர் பேர் இன்னும் இருக்கே’ என்று கேட்டதும், ஒன்றும் சொல்லாமல் பையை மட்டும் நீட்டுவாரே, அந்த ஒரு காட்சிக்காக நான் அவருக்கு நன்றி சொல்வேன். இடைவேளைக்குப் பிறகு அவருக்கு நான்கே காட்சிகள். மூன்றில் அழவைத்திருக்கிறார்கள், நான்காவதில் மயக்கம் போட வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்.