காரைக்குடிப் பக்கம் சமுதாயக் கூடம்: மண்ணுக்கும் கல்லுக்கும் ஏற்ற மாதிரி எப்படிக் கட்டுவது?

கேள்வி: எங்கள் ஊர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஊருணிக்கு மேற்கே உள்ள பொது இடத்தில் 3,000 சதுர அடியில் ஒரு சமுதாயக் கூடமும் சின்ன நூலகமும் கட்டப் போகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் தருகிறார்கள். 'செட்டிநாட்டு ஸ்டைல்' வேண்டும், உள்ளூர் நிலத்தோடும் பொருந்த வேண்டும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்:

முகப்பை விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் அந்த இடத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

இந்தப் பக்கம் கட்டட வடிவமைப்பு வேலை செய்கிறேன். செட்டிநாட்டு ஸ்டைல் என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் தேக்குத் தூண், கண்ணாடி விளக்கு, பளிங்குத் தரை படங்கள்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள், இதில் எது நம் மண்ணுடையது? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. செட்டியார்கள் வணிகத்துக்காகப் போன இடத்திலெல்லாம் பார்த்ததை வாங்கி வந்து வைத்தார்கள், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் நிலத்தை ஒட்டியது வேறு: நான்கு பக்க ஓட்டுக் கூரையும் வளவு வாசலில், அதாவது நடு முற்றத்தில், மழையைக் கொட்டுவது, மிஞ்சியது வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போவது, சுண்ணாம்புப் பூச்சு, தரைக் கல்லில் சேர்ந்த உள்ளூர் மணல். போட்டோவில் விழாத சமாச்சாரங்கள் இவை.

உங்கள் கேள்வியில் 'ஊருணிக்கு மேற்கே' என்று இருந்ததும் கொஞ்சம் திக்கென்றது. நம் சீமை பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் மொத்தத்தில் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால்தான் ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகை நீர் வழியும் இடம்) வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஊருணிக்கு மேற்கே இருக்கும் வெற்றிடம் பெரும்பாலும் அதன் நீர்ப்பிடிப்பாகவோ, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடும் இடமாகவோ இருக்கும். அங்கே கடைக்கால் போட்டால் கூடம் எழும்பும், ஊருணி வறண்டுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிப் பாருங்கள். அது மட்டும் போதாது, ஐப்பசி மழையில் குடையோடு போய் நின்று பாருங்கள். வரத்துக்கால் குறுக்கே வந்தால் கூடத்தைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு கட்டடமாகப் பிரித்து நடுவில் கால்வாய்க்கு வழி விடுங்கள். கழிப்பறையையும் செப்டிக் டேங்கையும் ஊருணிக்குக் கீழ்ப்புறச் சரிவில் தள்ளி அமைப்பதுதான் முறை.

கூரைத் தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். 3,000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 280 சதுர மீட்டர். நம் பக்கம் ஆண்டு மழை சுமாராக 900 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். பெருக்கினால் இரண்டரை லட்சம் லிட்டர். ஆவியாவது, சிந்துவது போக இரண்டு லட்சம் லிட்டராவது ஊருணிக்குப் போகும். நீர்ப்பிடிப்பில் இடம் எடுத்துக்கொள்ளும் கட்டடம் இந்த அளவாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

அடுத்தது கல். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வரை பாறை தலைகாட்டும். பிள்ளையார்பட்டிக் கோயிலே குடைவரைதானே. அங்கிருந்து கிழக்கே வந்தால் கெட்டிப் பாறை கீழே போய்விடுகிறது. மேலே இருப்பது மணற்கல், செம்மண், செம்புராங்கல் (லேட்டரைட்). இந்த மணல் அடுக்கு மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதற்குப் பின்னால் இருப்பது இந்த மண்தான். ஆகவே கூடத்தைச் சுற்றி முழுக்க சிமெண்ட் தளமும் பேவர் பிளாக்கும் பரப்பாதீர்கள். செம்மண் சரளை போட்டுத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினாலே போதும்.

செம்புராங்கல் வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். இரும்புச் சத்துதான் காரணம், சிவப்பும் அதனால்தான். பழைய ஊருணிகள் பலவற்றின் சுற்றுச்சுவரிலும் படித்துறையிலும் இந்தக் கல்லைப் பார்க்கலாம். ஆனால் இது துளை விழுந்த கல், தண்ணீரை உறிஞ்சும், கருங்கல் அளவுக்குப் பளு தாங்காது. என் யோசனை இதுதான்: கடைக்காலும் தரைமட்டம் வரையிலும் கருங்கல், அதற்கு மேல் சுவர் செம்புராங்கல், மாடி வேண்டாம். சாந்தில் சுண்ணாம்பு கலக்கட்டும், கெட்டி சிமெண்ட் பூச்சு வைத்து மூடாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும். கல் எடுக்கும் குவாரிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உள்ளூர்ச் செங்கல் போதும், பிடிவாதம் வேண்டாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். சூளை வேண்டாம், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பதுதான். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

கூடத்தின் அமைப்புக்குச் செட்டியார் வீட்டை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு குடும்பத்துக்கான வீடு. தெருவிலிருந்து உள்ளே போகப் போக யார் எதுவரை வரலாம் என்று கட்டுக் கட்டாகப் பிரித்தது. பொதுக் கட்டடத்துக்கு அதிலிருந்து வளவையும் கிழக்கு மேற்காக நீளும் அமைப்பையும் எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் குட்டையாகிவிடும். மற்றபடி பார்க்க வேண்டியது சத்திரம், விடுதி, ஊருணிப் படித்துறை போன்றவற்றை. (அந்த ஊருணிகளிலும் எல்லாரும் எப்போதும் இறங்க முடிந்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். உங்கள் கூடத்துக்கு ஒரே வாசலாக, தெருவைப் பார்த்ததாக இருக்கட்டும்.) நூலகத்துக்கு ஊருணிப் பக்கம் அகலமான திண்ணை வைத்தால் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் உள்ளேயே வரமாட்டார்கள், அது நல்லதுதான்.

கடைசியாகக் கூரை. நாட்டு ஓடு குளிர்ச்சி தரும், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் ஏறி உடைந்ததை மாற்ற வேண்டும். பணம் அனுப்புகிறவர்கள் கட்டுவதற்குத் தருவார்கள், ஓடு மாற்றுவதற்கு யார் தருவது? அந்தப் பொறுப்பை ஊர்க் கூட்டத்தில் ஒருவர் ஏற்றால் ஓடு போடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் தளம் போட்டு, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதியுங்கள். சூடும் குறையும், ஊருணிக்குப் போகும் தண்ணீரும் சுத்தமாக இருக்கும்.